மருத்துவமனை அலுவலக வேலை கேட்ட குன்னூர்த் தம்பிக்கு

தம்பி, கோவையில் மருத்துவமனை நிர்வாகம் படித்து, நோயையும் சிகிச்சையையும் குறியீடுகளாக எழுதும் மெடிக்கல் கோடிங்கில் சான்றிதழும் பெற்று, மாணவர் விசாவில் இங்கிலாந்து போய் இரண்டு மாதம் ஆகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அங்குள்ள மருத்துவமனைகளில் என்னென்ன அலுவலக வேலைகள் கிடைக்கும், வேலை விசாவுக்கு நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப்புடன் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ வேலை வாங்கித் தருவதாக 12 லட்சம் கேட்கும் ஏஜென்டை நம்பலாமா, வாடகை எங்கே குறைவு, குளிருக்கு என்ன வாங்குவது என்பவை உங்கள் கேள்விகள். குன்னூர்க்காரர் குளிரைப் பற்றிக் கேட்கலாமா? ஊட்டி திபெத்தியர் கடையில் வாங்கிய சுவெட்டரே எனக்குப் பல ஆண்டுகள் உழைத்தது. வாடகையை உடன் படிப்பவர்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏஜென்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். வரவேற்பு மேசை, வார்டு கிளார்க் போன்ற வேலைகளுக்கு ஸ்பான்சர்ஷிப் முன்பும் கிடைத்ததில்லை. 2025 ஜூலை 22 முதல் புதிதாக வருவோருக்குப் பெரும்பாலும் பட்டப்படிப்பு நிலை வேலைகளுக்கே அது உண்டு என்று விதி மேலும் இறுகிவிட்டது. அங்குள்ள அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸின் காலியிடங்கள் இணையத்தில் வெளிப்படையாக வருகின்றன, விண்ணப்பிக்கக் கட்டணம் கிடையாது. கட்டபெட்டுப் பக்கம் தேயிலைத் தோட்டத்தை அடகு வைத்து முதியோர் பராமரிப்பு வேலைக்கு இங்கிலாந்து போன ஒரு தம்பதிக்கு, அழைத்த நிறுவனம் வாரத்திற்கு ஒரு நாள் வேலைகூடத் தரவில்லை. அவர்களை அனுப்பிவைத்தவரும் நம் ஊர்க்காரர்தான் என்பதை இன்றும் என்னால் பொறுக்க முடியவில்லை. ஊருக்கு வரும்போது ‘ஹாஸ்பிடல் மேனேஜர்’ என்று சொல்லிக்கொள்ளும் சிலரும் இந்தக் கண்ணியில் ஒரு பங்கு வகிக்கிறார்கள். அவர்கள் மேசையை நான் பார்த்திருக்கிறேன்; அது மேனேஜரின் மேசை அல்ல.

நான் செவிலியரான மனைவியின் துணைவர் விசாவில் போனவன். அதனால்தான் எந்த வேலையிலும் சேர முடிந்தது; அந்த வசதி உங்களுக்கு இல்லை என்பதை மறக்க வேண்டாம். குன்னூரில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரெக்கார்டு அறையில் எட்டு ஆண்டுகள் இருந்த எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. இங்கிலாந்தில் கிடைத்ததோ பேண்ட் 2, அதாவது ஊதிய ஏணியின் அடிப்படி. மூன்றாம் வாரத்தில் கடிதங்களை மடித்து ஜன்னல் உறையில் போட்டுக்கொண்டிருந்தபோது, ஒரே குடும்பப் பெயர் கொண்ட இருவரில் ஒருவரின் இரண்டாம் பக்கத்தை மற்றவரின் உறையில் வைத்துவிட்டேன். ஜன்னலில் தெரிவது முதல் பக்கத்து முகவரி மட்டும்தானே! இரண்டு நாள் கழித்து ஒரு மூதாட்டி தொலைபேசியில் அழைத்து, முன்பின் அறியாத ஒருவரின் இதயப் பரிசோதனை முடிவை எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். மேற்பார்வையாளர் ஒரு சொல்லும் கடிந்து பேசாமல், நடந்ததைப் பதிவு செய்யும் படிவத்தை என் முன்னே திறந்து வைத்து, என் கையாலேயே நிரப்பச் சொன்னார். அன்றிலிருந்து பெயர், பிறந்த தேதி, பத்து இலக்க என்.எச்.எஸ். எண் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லாமல் எந்தத் தாளையும் தொடுவதில்லை; எண்ணை மூன்று, மூன்று, நான்காகப் பிரித்துச் சொல்வதைக் கேட்டுக் கோத்தகிரியில் அம்மா இப்போதும் சிரிக்கிறார்.

உங்கள் கோடிங் சான்றிதழைப் பற்றி ஒரு கசப்பான செய்தி. கோவையிலும் சென்னையிலும் பெரும்பாலும் கற்பிக்கப்படுவது அமெரிக்கக் காப்பீட்டுக் கணக்குக்கான ஐ.சி.டி.-10-சி.எம்., சி.பி.டி. குறியீடுகள். என்.எச்.எஸ்.ஸில் நோய்க்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி.-10, அறுவை சிகிச்சை முதலியவற்றுக்கு ஓ.பி.சி.எஸ்.-4. படித்தது வீணாகாது, ஏனெனில் உடற்கூறும் மருத்துவச் சொற்களும் ஒன்றே; ஆனால் பயிற்சிக் கோடராகச் சேர்ந்து, அங்குள்ள தேசியத் தகுதித் தேர்வை எழுதித்தான் மேலே போக வேண்டும். நானும் அப்படித்தான் போனேன். மற்ற வழிகளில், மருத்துவர்களின் கடிதங்களைக் கவனிக்கும் மெடிக்கல் செக்ரட்டரி வேலை பெரும்பாலும் பேண்ட் 4. காத்திருப்போர் பட்டியலைக் கவனிக்கும் வேலையில் 18 வாரத்திற்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்கு உங்கள் தலைமேல் தொங்கும், என்றாலும் மருத்துவமனை எப்படி இயங்குகிறது என்பதை அதைப்போல் கற்றுத்தரும் நாற்காலி வேறில்லை. சர்வீஸ் மேனேஜர் பதவிக்கு வருபவர்களில் பலர் அங்கிருந்து எழுந்தவர்களே.

இப்போதைக்கு, கல்லூரி நாள்களில் உங்களுக்கு அனுமதிக்கப்பட்ட வாரம் 20 மணி நேரத்தை உணவகத்தில் செலவிடாமல், அருகிலுள்ள மருத்துவமனையின் ‘பேங்க்’ எனப்படும் தற்காலிகப் பணியாளர் பட்டியலில் கிளார்க்காகச் சேர முயலுங்கள். படிப்புக்குப் பின் கிடைக்கும் கிராஜுவேட் விசா இரண்டு ஆண்டுகள். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்போருக்கு 18 மாதங்கள்தான் என்பதால் நாள்களை எண்ணிக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை எழுதியதும் எனக்கு அனுப்புங்கள், திருத்தித் தருகிறேன். ஏஜென்ட் தயாரித்துக் கொடுத்ததை மட்டும் அனுப்ப வேண்டாம்.