மதம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?

தம்பி, ஜெர்மனியின் லைப்சிக்குக்கு வந்த புதிதில் உங்களுக்கு வந்திருக்கும் இரண்டு சங்கடமும் எனக்குப் புரிகிறது. நகரப் பதிவுப் படிவத்தில் மதத்தைக் குறிப்பிட்டால் திருச்சபைக்காக அரசு வசூலிக்கும் சபை வரி பிடிப்பார்கள், "இல்லை" என்று போடு என்கிறார்கள் உடன் தங்கியிருப்பவர்கள். ஆபீஸிலோ யாருக்கும் கடவுள் நம்பிக்கை இல்லை, ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறாய் என்று கேட்டால் மழுப்பத் தோன்றுகிறது என்கிறீர்கள்.

வரி உண்மைதான். சம்பளத்தில் அல்ல, நீங்கள் கட்டும் வருமான வரியில் 9 சதவீதம். பவேரியாவிலும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கிலும் 8. மாதம் 600 யூரோ வருமான வரி போனால், கூடவே 54 யூரோ போகும். சின்னத் தொகை இல்லை, ஊருக்குப் பணம் அனுப்புகிறவருக்கு வலிக்கத்தான் செய்யும். பெந்தெகொஸ்தே போன்ற சபையாக இருந்தால் இந்தக் கேள்வியே எழாது, அவர்கள் அரசு வழியாக வரி வாங்குவதில்லை. ஆனால் நீங்கள் டி.இ.எல்.சி.யில், அதாவது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபையில், ஞானஸ்நானம் பெற்ற லுத்தரன். உங்கள் சபைக்கு மிஷனரிகளை அனுப்பிய லைப்சிக் மிஷன் இந்த ஊரில்தான் இன்றும் இருக்கிறது. காசுக்காக "இல்லை" என்று கையெழுத்துப் போடாதீர்கள் என்பதே என் எண்ணம். இயேசுவை அறிந்திருக்கிறேன் என்று சொல்வதற்கு இந்த ஊரில் கேட்கப்படும் முதல் இடம் அந்தப் படிவம். அங்கே மறைத்துவிட்டால், மற்ற இடங்களில் வாய் திறப்பது இன்னும் கடினமாகும்.

ஆபீஸ் விஷயத்துக்கு, இவர்கள் வந்த வழி தெரிய வேண்டும். இந்த ஊர் கம்யூனிஸ்ட் ஆட்சியில் இருந்த கிழக்கு ஜெர்மனியில் சேர்ந்திருந்த காலத்தில், திருச்சபையை விடாத பிள்ளைகள் பலருக்கு மேல்படிப்பு மறுக்கப்பட்டது. என்னோடு வேலை செய்யும் ஒருவரின் அம்மா, திடப்படுத்தல் எடுத்ததால் நினைத்த படிப்பைப் படிக்க முடியாமல் போனவர். அந்த வீட்டில் இன்று யாரும் ஆலயம் போவதில்லை. ஆனாலும் 1989 அக்டோபர் 9 அன்று நிக்கோலாய் ஆலயத்திலும் மற்ற ஆலயங்களிலும் ஜெபம் முடிந்தபின் சுமார் 70,000 பேர் அந்த ஆட்சியை எதிர்த்துத் தெருவில் அமைதியாக நடந்ததைப் பெருமையோடு பேசுவார்கள். அதனால் உங்களைக் கேட்கிறவர்களில் பலர் சீண்டக் கேட்பதில்லை. நம்பிக்கையோடு வாழும் ஒருவரை அருகில் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.

"நான் கிறிஸ்தவன், ஞாயிறு ஆராதனைக்குப் போவேன்" என்று இயல்பாகச் சொல்லுங்கள். அதற்கு மேல் கேட்டால், கர்த்தர் உங்களுக்கு என்ன செய்தார் என்பதைச் சொல்லுங்கள், அவர்களுடைய வாழ்க்கையில் என்ன குறை என்பதை அல்ல. மேசையில் துண்டுப்பிரதி வைத்துவிட்டு நகர்வது வேண்டாம். யாராவது நோயில் இருந்தால், "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் சரி என்று சொல்லிவிட்டு, சூப் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்த அன்பு உண்மையானதாக இருக்கட்டும், ஆலயத்துக்கு இழுக்கும் தூண்டிலாக வேண்டாம்.

திருச்சபைகளில் சிறுவர்களுக்கு நடந்த பாலியல் கொடுமைகளைப் பற்றியும் கேட்பார்கள். 2018-இல் கத்தோலிக்கத் திருச்சபை பற்றியும், 2024-இல் நம் புராட்டஸ்டன்ட் திருச்சபை பற்றியும் ஆய்வறிக்கைகள் வந்தன. அப்போது சபைக்கு வக்காலத்து வாங்காதீர்கள். அது பாவம், அந்தப் பிள்ளைகளுக்காக என் மனம் பதறுகிறது என்று சொல்லுங்கள். இயேசுவை நேசிக்கிறவர் பாதிக்கப்பட்டவர் பக்கம்தான் நிற்க வேண்டும்.

கூட்டிப்போக ஒரு நல்ல இடம் சொல்கிறேன். இசையமைப்பாளர் பாக் பணியாற்றிய தோமா ஆலயத்தில் வெள்ளி மாலை 6 மணிக்கும் சனி மதியம் 3 மணிக்கும் மொட்டெட் என்னும் பாடகர் குழுப் பாடல்களோடு ஆராதனை நடக்கும். விடுமுறைக் காலங்கள் தவிர பெரும்பாலும் சிறுவர் பாடகர் குழுவே பாடும். நம்பிக்கை இல்லாதவர்களும் இசைக்காக வருவார்கள். ஒருமுறை நீங்கள் தனியாகப் போய்ப் பாருங்கள், அப்புறம் நண்பரைக் கூப்பிடுங்கள். இதற்கிடையில் ஞானஸ்நானச் சான்றிதழை அனுப்பச் சொல்லி வீட்டுக்குச் சொல்லிவிடுங்கள், இங்கே சபை அலுவலகத்தில் கேட்பார்கள்.