தாது எடுத்த பின் பாறை நிற்குமா? சுரங்க வடிவமைப்புக் கேள்வி பதில்

கே: உலோகச் சுரங்கத்தில் ஒரு ஸ்டோப்பை (தாது எடுக்கும் குடைவு) எவ்வளவு பெரிதாக வெட்டலாம்?

மீட்டர் கணக்கில் பொதுவாக ஒரு பதில் கிடையாது. சுவரின் பரப்பைச் சுற்றளவால் வகுத்துப் பார்ப்போம். 30 மீட்டர் உயரம், 20 மீட்டர் நீளம் என்றால் 600-ஐ 100-ஆல் வகுக்க 6. இதுதான் ஹைட்ராலிக் ரேடியஸ். நீளத்தை 40 ஆக்கினால் 8.6தான் வரும். பரப்பு இரட்டிப்பானாலும் இந்த எண் இரட்டிப்பதில்லை, ஏனென்றால் மேலும் கீழும் உள்ள பாறை இன்னும் அதே 30 மீட்டர் இடைவெளியில்தான் சுவரைப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அப்புறம் பாறையின் தரம், அழுத்தம், விரிசல்களின் திசை, சுவரின் சாய்வு எல்லாம் சேர்ந்த இன்னொரு எண். மேத்யூஸ் குழுவினர் உருவாக்கி, 1988-ல் பாட்வின் திருத்திய வரைபடத்தில் இரண்டையும் குறித்தால் சுவர் நிற்குமா என்று ஓரளவு தெரியும்.

கே: வரைபடம் 'நிலையானது' என்றால் கையெழுத்துப் போடலாமா?

அவசரப்படாதீர்கள். பக்கத்தில் ஓடும் பெரிய பிளவு அந்தப் படத்தில் தெரியாது. தாதுவுக்குள் போட வேண்டிய சுரங்கப்பாதை மேல்சுவரை (தாதுவின் மேல் சாய்ந்து நிற்கும் பாறைப் பக்கம்) கொஞ்சம் தின்றுவிட்டாலும் தெரியாது. வடிவமைப்பைச் சரிபார்க்க வந்தால் நான் முதலில் தேடுவது அதைத்தான். காலடி அறுபட்ட சுவருக்குக் கணக்கு எதற்கு?

கே: தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அங்கே பாறை ஏன் வெடித்தது?

ஆழம். ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், மேலிருக்கும் பாறையின் எடை மட்டும் தரும் அழுத்தம் சுமார் 27 மெகாபாஸ்கல். சாம்பியன் ரீஃப் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. குடைவின் ஓரத்தில் அந்த அழுத்தம் இன்னும் குவியும். இரண்டு பக்கமும் வெட்டிக்கொண்டு வந்தால் நடுவில் மிஞ்சும் தூண் குறுகக் குறுகச் சுமை ஏறிக்கொண்டே போகும். கெட்டியான பாறை வளைந்து கொடுக்காது, அந்த ஆற்றலைத் தேக்கி வைத்து ஒரேயடியாக விடும். அதனால் ஆழத்தில் எதை முதலில் வெட்டுவது என்ற வரிசைதான் வடிவமைப்பில் பாதி.

கே: ராக் போல்ட் (பாறையில் துளையிட்டு இறுக்கும் எஃகுக் கம்பி) நெருக்கமாக அடித்தால் போதாதா?

இரண்டரை மீட்டர் போல்ட் பாதையின் கூரையைக் காக்கும். பெரிய ஸ்டோப் சுவருக்கு அது எட்டாது. நீளமான கேபிள் போல்ட் (கம்பிக்குப் பதில் எஃகு வடம்) வேண்டும்.

கே: வெடித்து முடித்த பின் எதைச் சரிபார்ப்பது?

ஆள் உள்ளே போகாமல் லேசர் ஸ்கேனர் மூலம் வெற்றிடத்தை அளக்கிறார்கள். 600 சதுர மீட்டர் சுவரிலிருந்து 900 கன மீட்டர் கூடுதலாக விழுந்திருந்தால் சராசரியாக 1.5 மீட்டர் பெயர்ந்திருக்கிறது. பாறை மோசம் என்று அறிக்கை எழுதும் முன்பு வெடித்துளைகள் எங்கே விலகிப் போயின என்ற அளவீட்டையும் கேட்டு வாங்குங்கள். அந்தத் தாளை யாரும் தானாகக் கொண்டுவந்து தர மாட்டார்கள்.