அப்பப்பாவுக்கும் சேர்த்துச் சாப்பாட்டுப் பிளான் போடவா?

கேள்வி: ரொறன்ரோவில் இருக்கும் மகன் அடுத்த வருசம் எங்களை அமெரிக்காவில் ஒர்லாண்டோவுக்குக் கூட்டிப் போகப் போகிறான். டிஸ்னி வேர்ல்டில், அவர்களுடைய ஹோட்டலிலேயே 5 இரவு. மகன், மருமகள், 8 வயதிலும் 4 வயதிலும் பேரப்பிள்ளைகள், நானும் இவரும். 6 பேர், 2 அறை. சாப்பாட்டுக்கும் முன்கூட்டியே காசு கட்டுகிற பிளான் இருக்கிறதாம், போடவா என்று வட்ஸ்அப்பில் கேட்கிறான். இவருக்குச் சீனி வருத்தம். மாட்டிறைச்சி இரண்டு பேரும் தொடமாட்டோம், வெள்ளிக்கிழமை மரக்கறி. வேண்டாம் என்றால், "அம்மா அங்க வந்து விலையைப் பாத்துப் பாத்துப் பட்டினி கிடப்பீங்க" என்கிறான். என்ன சொல்லட்டும் தங்கச்சி?
பெயர் வேண்டாம், களுவாஞ்சிக்குடி

பதில்: அக்கா, உங்கள் இரண்டு பேருக்கும் வேண்டாம். மகன் குடும்பத்துக்குப் போடலாமா என்பது வேறு கணக்கு, அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்படி முன்காசு கட்டி நான் ஒருதரம் பட்டிருக்கிறேன். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள், மூன்று நேரச் சாப்பாடும் சேர்த்து. காலையில் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுக் கடலில் இறங்கினோம். பாசிக்குடாக் கடலைத்தான் உங்களுக்குத் தெரியுமே, எவ்வளவு தூரம் போனாலும் இடுப்பளவு தண்ணீர், பிள்ளைகளைக் கரையேற்றவே முடியாது. ஒரு மணிக்கெல்லாம் என் மாமி மணலில் நின்று கையைக் காட்டுகிறா. "வாங்க புள்ள, மறுகா சாப்பாட்டை எடுத்துப்போடுவானுகள், கட்டின காசு!" யாருக்கும் பசியில்லை. காலில் மண்ணோடு ஓடிப்போய், நாலு வகைக் கறியையும் எடுத்து, பாதியைத் தட்டில் விட்டோம். மாமி இரண்டு பணிசை கடதாசித் துண்டில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டா. திரும்பும் வழியில் வாழைச்சேனையில் தயிர்ச் சட்டி அடுக்கியிருந்தது. ஒருவருக்கும் இறங்கிப் பார்க்கக்கூட மனமில்லை. சாப்பாடு மோசமில்லை அக்கா. காசு முதலே போய்விட்டதால், எப்போது பசிக்க வேண்டும் என்பதை எங்கள் வயிறு தீர்மானிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி டிஸ்னிக் கணக்கு. இந்தப் பிளான் புதிதல்ல. 2005இல் தொடங்கியது, கொரோனா நேரம் நிறுத்தினார்கள், 2024 ஜனவரியில் திரும்பக் கொண்டுவந்தார்கள். இரண்டு விதம் உண்டு. ஒன்று கவுண்டரில் வாங்கிச் சாப்பிடுகிற பிளான்: ஒரு இரவுக்கு ஒருவருக்கு இரண்டு சாப்பாடு, ஒரு சிற்றுண்டி. மற்றது மேசையில் இருந்து சாப்பிடுகிற பிளான்: ஒரு கவுண்டர் சாப்பாடு, ஒரு மேசைச் சாப்பாடு, ஒரு சிற்றுண்டி. இரண்டிலும் ஆளுக்கொரு கோப்பை தருவார்கள். தேநீர், சோடா எத்தனை முறையும் நிரப்பலாம், ஆனால் ஹோட்டலில் மட்டும். வெயிலில் நா வறண்டு நிற்கிற பார்க்குக்குள் அந்தக் கோப்பைக்கு வேலையில்லை.

2024இல் திரும்ப வந்தபோது கவுண்டர் பிளான் பெரியவருக்கு ஒரு இரவுக்கு 57.01 டொலர், பிள்ளைக்கு 23.83. மேசைப் பிளான் பெரியவருக்கு 94.28, பிள்ளைக்கு 29.69. அமெரிக்க டொலர், கனடா டொலர் இல்லை. 3 வயது முதல் 9 வரைதான் பிள்ளை. 10 பிறந்துவிட்டால் பெரியவர் கணக்கு. விலை பிறகு ஏறியிருக்கிறது, மகன் புக் பண்ணும்போது அன்றைய விலையைப் போட்டுப் பார்க்கட்டும். நான் 2024 விலையிலேயே கூட்டிப் பார்த்தேன். ஆறு பேருக்கும் மேசைப் பிளான் ஒரு இரவுக்கு 436.50, ஐந்து இரவுக்கு 2,182.50 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஆறரை இலட்சம். அதில் உங்கள் இரண்டு பேர் பங்கு மட்டும் 942.80.

அந்தக் காசுக்கு என்ன கிடைக்கும் என்று பாருங்கள். மேசைச் சாப்பாடு என்றால் பிரதான தட்டு ஒன்று, இனிப்பு ஒன்று, குடிக்க ஒன்று. முதலில் வருகிற சின்னத் தட்டுகள் சேராது. இனிப்பு அண்ணனுக்கு ஆகாது. குடிக்கிறது என்பதில்தான் சூட்சுமம். 21 வயது தாண்டியவர் வைனோ கொக்டெயிலோ கேட்கலாம், அதுவும் பிளானுக்குள் அடங்கும். பிளான் இலாபம் என்று சொல்கிறவர்களில் பலர் அந்தக் கிளாசைச் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்கிறார்கள். நீங்கள் இரண்டு பேரும் தண்ணீர் கேட்டாலும் கழிவது அதே கிறெடிற், அதாவது பிளானில் உள்ள ஒரு சாப்பாட்டுக் கணக்கு. தண்ணீரோ கவுண்டரில் கேட்டால் ஐஸ் போட்டுச் சும்மாவே தருவார்கள்! வெள்ளிக்கிழமை மரக்கறித் தட்டுக்கும் இறைச்சித் தட்டுக்கும் அதே கிறெடிற்தான். ஆக, குறைவாகவும் மலிவாகவும் சாப்பிடுகிறவர் நட்டப்படுவார். இரவு எட்டு மணிக்கு மூன்று இடியப்பமும் சொதியும் என்று பழகிய ஆளைக் கொண்டுபோய் அந்தப் பந்தயத்தில் விடாதீர்கள்.

சிக்கல் என்னவென்றால், ஒரே புக்கிங்கில் இருக்கிற 3 வயதுக்கு மேற்பட்ட எல்லோரும் ஒரே பிளானை எடுக்க வேண்டும். பிள்ளைகளுக்கு மட்டும், அண்ணனுக்கு வேண்டாம் என்று பிரிக்க முடியாது. ஆனால் உங்களுக்கு இரண்டு அறை. மகன் இரண்டையும் தனித்தனி புக்கிங்காகப் போட்டால், அவர் அறைக்குப் பிளான், உங்கள் அறைக்கு இல்லை என்று வைக்கலாம். காசு கட்டுவதற்கு முதல் இதை அவர் கேட்டு உறுதிப்படுத்தட்டும். அதோடு ஒன்று, உங்கள் இரண்டு பேருக்கும் அமெரிக்க விசா கையில் கிடைக்கும்வரை எதற்கும் முழுக்காசு கட்டவேண்டாம்.

மகன் குடும்பத்துக்கு எடுக்கலாமா? பிள்ளைகள் விலைதான் இதில் நல்ல பேரம். மிக்கியும் கூபியும் மேசைக்கு மேசை வந்து கட்டிப்பிடித்துப் படமெடுக்கிற சாப்பாடு இருக்கிறதே, அதில் ஒரு பிள்ளையின் தனி விலையே மேசைப் பிளானின் ஒரு நாள் விலையைத் தாண்டிவிடும். ஆனால் அந்த மேசைகளுக்கான பதிவு 60 நாளுக்கு முதல் திறக்கும், திறந்ததுமே பதிய வேண்டும், ஒவ்வொன்றும் ஒன்றரை மணித்தியாலம் தின்னும். 4 வயதுப் பிள்ளை ஐந்து நாளும் அப்படி இருக்குமா என்று மருமகளிடம் கேளுங்கள், மகனிடம் கேட்காதீர்கள். நாலைந்து தரம் போவார்கள் என்றால் நாலு பேருக்கும் 1,239.70 டொலர் பரவாயில்லை. ஒன்றிரண்டுதான் என்றால் அவர்களுக்கும் வேண்டாம். அப்புறம் டிப்ஸ் பிளானில் இல்லை. 6 பேர் ஒன்றாக ஒரு மேசையில் இருந்தால் 18 வீதத்தைப் பில்லிலேயே போட்டுவிடுவார்கள், மகன் திடுக்கிட வேண்டாம்.

சாப்பாடு உள்ளே கொண்டுபோகலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். டிஸ்னியில் கொண்டுபோகலாம். கண்ணாடிப் போத்தல், மதுபானம், உதிரியாகப் போட்ட ஐஸ் கூடாது. பழம், பிஸ்கட், கடலை எல்லாம் பையில் இருக்கட்டும், சீனி வருத்தக்காரருக்கு வரிசையில் நிற்கும்போது அது அவசியம். சீனிச்சம்பல் கட்டிக்கொண்டு போவதானால் பிளாஸ்ரிக் டப்பாவில் போடுங்கள், எல்லையில் சாப்பாட்டுச் சாமான் இருக்கிறது என்று மறைக்காமல் சொல்லுங்கள். ஒரு நாள் மட்டும் மகனைக் கேட்டு, ஒட்டகச்சிவிங்கி நடமாடுகிற அந்த அனிமல் கிங்டம் லொட்ஜில் உள்ள சனா என்ற சாப்பாட்டுக் கடைக்குப் போய்வாருங்கள். நாண் ரொட்டியும் சட்னி, ஊறுகாய் வகைகளும் வைத்து ஒரு தட்டுத் தருவார்கள். மூன்று நாள் பேகரும் சிப்சும் பார்த்த கண்ணுக்கு அது போதும்.

இனி அந்தப் பட்டினிப் பேச்சு. அக்கா, மகன் சொல்வது பொய்யில்லை, உங்களுக்கும் தெரியும். 18 டொலர் என்று பலகையில் கண்டதும் முந்நூற்றால் பெருக்கி, "எனக்குப் பசிக்கல்ல மனே, நீங்க சாப்பிடுங்க" என்று பேரனின் தட்டில் மிஞ்சிய சிப்சைக் கொறிப்பீர்கள். நம்மட ஊர் அம்மாமார் எல்லோரும் செய்கிற வேலை. மகன் பிளான் போடச் சொல்வதே அந்த ஒரு காட்சியைக் காணாமல் இருக்கத்தான். அதற்கு வேறு வழி இருக்கிறது. அமெரிக்கக் கடைகளில் டிஸ்னி கிஃப்ட் கார்ட் விற்பார்கள். ஒர்லாண்டோவில் இறங்கியதும் மகன் 450 டொலருக்கு ஒன்று வாங்கி உங்கள் கையில் தரட்டும். ஒரு நாளைக்கு இரண்டு பேருக்கும் 60 வைத்தால் 300, மிக்கியோடு ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு 150. உங்களுக்கான பிளான் காசில் பாதிகூட இல்லை. காசு முதலே கட்டியாயிற்று, இனி மிச்சம் பிடிக்கிறேன் என்று மகனிடம் சொல்ல இடமில்லை. பசித்தால் நீட்டுங்கள், பசிக்காவிட்டால் அது கைப்பைக்குள் கிடக்கட்டும். ஹோட்டலை விட்டுப் புறப்படும் நாள் நள்ளிரவோடு காலாவதியாகிற பிளான் கிறெடிற் போல அது இல்லை. கடைசி நாள் மிஞ்சுவதில் பேத்திக்கு மிக்கிக் காது வைத்த தொப்பி வாங்கிவிடலாம். பேரன் என்றால் அவனும் கேட்பான், இரண்டாக வாங்குங்கள்.