பிரிட்டனை எதிர்த்து நடந்த அமெரிக்க விடுதலைப் போரில் சண்டையிட்ட வீரர்களுக்கு அரசு நிலம் கொடுத்ததாமே, பிறகு ஏன் பலர் ஏழைகளாகச் செத்தார்கள்?

"சிப்பாய்க்கு 100 ஏக்கர்" என்று எங்கோ படித்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். போர் முடியும்வரை இருப்பதாகக் கையெழுத்திட்டவர்களுக்கு 1776இல் காங்கிரஸ், அதாவது அன்றைய அமெரிக்கக் குடியேற்றங்களின் பொதுச் சபை, அப்படி வாக்குக் கொடுத்தது உண்மைதான். ஆனால் அதற்கென்று ஒஹாயோவில் நிலப்பகுதி ஒதுக்கியதே 1796இல். அதுவரை வயிறு பொறுக்குமா? பலர் கிடைத்த விலைக்குத் தரகர்களிடம் நில உரிமைச் சீட்டை விற்றார்கள்.

ஜோசப் பிளம்ப் மார்ட்டின் என்ற சிப்பாயைப் பாருங்கள். 15 வயதில் கனெக்டிகட் மாநிலப் படையில் சேர்ந்தவர். 1777 முதல் 1783 வரை கான்டினென்டல் ராணுவம், அதாவது காங்கிரஸின் பொதுப் படை. 1781இல் யார்க்டவுன் முற்றுகையில் பிரிட்டிஷாரின் 10ஆம் எண் அரணைத் தாக்கும்போது, கூர் சீவிய மரத்தடுப்பைக் கோடரியால் வெட்டி வழி திறந்த பிரிவு அவருடையது. பிறகு வடகிழக்கு மூலையில் உள்ள மெய்னில், பெனோப்ஸ்காட் ஆற்றுப் பக்கம், தானாகவே போய் 100 ஏக்கரில் குடியேறினார்.

அந்தப் பக்கத்துக் காட்டை வயலாக்குவது லேசான வேலை இல்லை. கோடையில் மரங்களைச் சாய்த்து, அடுத்த ஆண்டுவரை காயவிட்டுக் கொளுத்த வேண்டும். ஈரத்தோடு தீ வைத்தால் கிளைகள் மட்டும் எரியும். கிடக்கும் தடிகளை மாடு பூட்டி இழுத்து, அடுக்கி, மறுபடி எரிக்க வேண்டும். அடிக்கட்டைகள் பல வருடம் நிற்பதால் ஏர் ஓடாது. சாம்பல் மண்ணைக் கொத்தி மக்காச்சோளம் ஊன்றுவார்கள். மிச்சச் சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து, அதைக் காய்ச்சினால் சோப்பு, கண்ணாடி செய்ய உதவும் பொட்டாஷ் என்ற உப்பு. கையில் காசு புரள அது ஒரு வழி.

இத்தனைக்கும் பட்டா வேறொருவரிடம்! மனைவி குடும்பத்து உரிமையைக் காட்டி அந்த வட்டாரத்தையே தன்னுடையது என்றவர் ஹென்றி நாக்ஸ், அதே போரின் பீரங்கிப் படைத் தலைவர். 1797இல் மார்ட்டின் நிலத்துக்கு, நாக்ஸுக்குக் கட்ட வேண்டிய விலையாக, 170 டாலர் மதிப்பிட்டார்கள். உழவுக்கு லாயக்கானது 8 ஏக்கர்தான் என்று மார்ட்டின் கெஞ்சிப் பார்த்தார். 1811க்குள் பாதி போனது. 1818இல் துண்டு நிலம்கூட இல்லை.

அந்த மண்ணே பழங்குடியினருடையது என்று பின்னூட்டம் போட வருவீர்கள். சரிதான், மறுக்கவில்லை. இங்கே பேசுவது அரசு தன் சிப்பாயிடம் நடந்துகொண்ட விதத்தைப் பற்றி.

பென்ஷன் சட்டமும் 1818இல்தான் வந்தது. கான்டினென்டல் படையில் 9 மாதச் சேவை, கூடவே வறுமை, இரண்டும் வேண்டும். மாநிலப் படையில் கழித்த மாதங்கள் கணக்கில் வராது. சிப்பாய்க்கு மாதம் 8 டாலர், அதிகாரிக்கு 20. இதை இன்றைய ரூபாயாக்கி "நல்ல தொகைதானே" என்று எழுதுபவர்களோடு எனக்குத் தீராத சண்டை. அன்றைய கூலி என்ன, மாவு விலை என்ன என்று பார்க்காமல் அந்தப் பெருக்கல் எதற்கு?

1820இல் இன்னொரு நிபந்தனை: துணிமணி, படுக்கை நீங்கலாக உள்ள சொத்தையெல்லாம் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பட்டியலிட வேண்டும். கொஞ்சம் வசதி தெரிந்தாலும் பெயரை நீக்கிவிடுவார்கள். மார்ட்டின் காட்டிய சொத்தில் உயிருள்ளவை இரண்டு பசு, ஆறு ஆடு, ஒரு பன்றி.