சுண்ணாம்பு மண்ணில் புல்தரை: கடலோரத்துக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

தூத்துக்குடியிலிருந்து மண்டபம் வரைக்கும் கடலோரத்தில் தோட்ட வேலை எடுத்துச் செய்கிறேன். புல்தரை பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லப்போக, கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். மதுரையிலோ கோயம்புத்தூரிலோ புல் பதித்தவர் சொல்லும் யோசனை நம் பக்கம் பாதிதான் செல்லும் என்பதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

வேம்பார்: அண்ணே, கடலிலிருந்து அரை கிலோமீட்டரில் புது வீடு. தோண்டினால் சிப்பித் துண்டும் சுக்கான் கல்லுமாக வருகிறது. இது சுண்ணாம்பு மண்தான் என்று எப்படி உறுதி செய்வது?

சுக்கான் கல்லே சுண்ணாம்புக் கட்டிதான், அது வருகிறது என்றாலே பாதி உறுதி தம்பி. மீதியை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு கைப்பிடி மண்ணை நன்றாகக் காயவைத்துக் கண்ணாடி டம்ளரில் போடுங்கள். மேலே எலுமிச்சைச் சாறோ வினிகரோ ஊற்றிக் காதருகே கொண்டுபோங்கள். சோடா பாட்டில் திறந்த மாதிரி இரைந்தால் சுண்ணாம்பு நிறைய இருக்கிறது. உற்றுப் பார்த்தால்தான் ஒன்றிரண்டு குமிழி தெரிகிறது என்றால் கொஞ்சம்தான்.

அப்புறம் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் ஒரு மாதிரி கொடுங்கள். நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம் வரை எடுத்துக் கலந்து கொடுக்க வேண்டும். அறிக்கையில் நீங்கள் பார்க்க வேண்டியது இரண்டே எண்கள்: மண் புளிப்பா காரமா என்று காட்டும் பிஎச், உப்பின் அளவைக் காட்டும் ஈசி. பிஎச் 8 முதல் 8.4 வரை இருந்தால் அது சுண்ணாம்பின் வேலை. 8.5-ஐத் தாண்டினால் சோடிய உப்பும் ஏறியிருக்கலாம், அதற்கு வைத்தியம் வேறு.

திருச்செந்தூர்: கந்தகத் தூள் போட்டால் மண்ணின் காரம் இறங்கும் என்கிறார்களே, எவ்வளவு போடலாம்? ஜிப்சமும் போடச் சொல்கிறார்கள்.

கணக்குப் போட்டே காட்டுகிறேன், நீங்களே முடிவு செய்யுங்கள். ஆயிரம் சதுர அடியில் மேல் அரை அடி மண்ணில் ஒரே ஒரு சதவீதம் சுண்ணாம்பு இருந்தால், அதைக் கரைக்க மட்டும் ஏறத்தாழ 65 கிலோ கந்தகம் வேண்டும். சிப்பி கலந்த மண்ணில் சுண்ணாம்பு 20 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 1,300 கிலோ. லாரியில்தான் கொண்டுவர வேண்டும். அவ்வளவையும் போட்டு முடிப்பதற்குள் காற்றடித்து வரும் சிப்பித் தூள் இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பைச் சேர்த்துவிடும்.

ஜிப்சம் சோடிய உப்பு ஏறிய மண்ணுக்கு. அதிலும் இருப்பது கால்சியம்தான். சுண்ணாம்பு மண்ணில் கால்சியத்துக்கு என்ன பஞ்சம்? அந்தக் காசுக்கு மக்கிய தொழுவுரம் வாங்கிப் போடுங்கள்.

உடன்குடி: பக்கத்திலேயே சிவப்பு மேடாகத் தேரி இருக்கிறது. அந்தச் செம்மண்ணைக் கொண்டுவந்து மேலே பரப்பலாமா?

நிறத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். தேரியில் இருப்பது செம்மண் அல்ல, செம்மணல். மணல் துகளின் மேல் இரும்புத் துரு பூசிய மாதிரி ஒட்டியிருக்கிறது, அவ்வளவுதான். தண்ணீர் நிற்காது, சத்தும் இல்லை. அனுமதியில்லாமல் அள்ளினால் வம்பு தனி. நிலத்து மண்ணையே அரை அடி கொத்தி, முட்டை அளவுக்கு மேலான சுக்கான் கல்லைப் பொறுக்கிப் போட்டுவிட்டு, இரண்டு அங்குலம் மக்கிய எரு கலந்தால் தேரி மணலைவிட நூறு மடங்கு மேல். தென்னைநார்க் கழிவு சேர்ப்பதானால் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசியது வேண்டும். அலசாததில் அதுவே ஒரு உப்பு மூட்டை.

ராமேஸ்வரம்: போர் தண்ணீரை டிடிஎஸ் மீட்டரில் பார்த்தால் 2400 காட்டுகிறது. நர்சரியில் மெக்சிகன், கொரியன், எருமைப்புல், பெர்முடா என்று நான்கு சொல்கிறார்கள். எதை வாங்குவது?

கடலோரத்தில் புல்லைத் தேர்வு செய்வது மண் அல்ல, தண்ணீர். சரியான இடத்தில்தான் கேள்வியைத் தொடங்கியிருக்கிறீர்கள்.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. 1500 வரை பெரும்பாலான புல் சமாளிக்கும். அதிலிருந்து 3000 வரை பெர்முடா. அதற்கும் மேலே என்றால் பாஸ்பேலம். கடற்கரைக் கோல்ஃப் மைதானங்களில் போடும் புல் அது. புல்தரைக்குப் போடும் புற்களில் அதைப் போல உப்பைத் தாங்குவது அரிது. எல்லா நர்சரியிலும் கிடைக்காது, முன்கூட்டியே சொல்லி வரவழைக்க வேண்டும். உங்களுக்கு பெர்முடா போதும். அது நம் அருகம்புல்லின் சாதிதான். வெயில் மட்டும் நாள் முழுக்க வேண்டும். தென்னை நிழலில் நூலாக இளைத்துப் போகும்.

மெக்சிகன், கொரியன் இரண்டும் சோய்சியா சாதி. பார்க்க அழகு, மெதுவாகத்தான் படரும், வழுக்கை விழுந்தால் மூட மாதக்கணக்கு ஆகும்.

எருமைப்புல்லில் ஒரு குழப்பம் இருக்கிறது. அந்தப் பெயரில் இரண்டு வேறு புற்கள் விற்கிறார்கள். ஒன்று செயின்ட் அகஸ்டின், நிழலையும் உப்பையும் ஓரளவு தாங்கும். இன்னொன்று கார்ப்பெட் புல், மழை நிறையப் பெய்யும் கேரளத்து மண்ணுக்குச் சரி. அதற்குப் புளித்த மண்ணும் ஈரமும் வேண்டும், சுண்ணாம்பும் உப்பும் ஆகாது. இரண்டுக்கும் இலை அகலம் என்பதால் பார்வைக்கு ஏமாற்றும். "எங்கே வளர்ந்தது?" என்று கேளுங்கள். உப்புத் தண்ணீர் பாய்ந்த நிலத்தில் வளர்ந்தது என்று சொன்னால் வாங்கலாம். பதில் மழுப்பலாக வந்தால் விட்டுவிடுங்கள்.

தூத்துக்குடி: பாளம் பாளமாக லாரியில் வருகிற புல்லை வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும் சார்?

இதைக் கற்றுக்கொள்ள நான் கொடுத்த விலை கொஞ்சம் அதிகம். ஆரம்ப காலத்தில் மண்டபம் பக்கம் ஒரு விருந்தினர் இல்லத்துக்கு மூவாயிரம் சதுர அடி பதித்தேன். பாளங்கள் பச்சைப்பசேல் என்று வந்தன. அடியில் ஒன்றரை அங்குலம் களிமண். கெட்டியாக இருக்கிறதே, நல்ல சரக்கு என்று நினைத்துவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு மூலையைப் பிடித்துத் தூக்கினேன். பாய் சுருட்டுகிற மாதிரி மொத்தமாக எழுந்து வந்தது. ஒரு வேர்கூடக் கீழே உள்ள மணலுக்குள் இறங்கவில்லை.

களிமண் தண்ணீரைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும். அது நிரம்பி வழிந்தால்தான் கீழே உள்ள மணலுக்கு ஈரம் போகும். ஈரம் இல்லாத இடத்துக்கு வேர் ஏன் போகிறது? வெயில் ஏறியதும் களிமண் சட்டி மாதிரி காய்ந்தது, புல்லும் அதோடு போயிற்று. முழுவதையும் என் செலவில் எடுத்து மாற்றிக் கொடுத்தேன்.

அதனால் முதலில் பாளத்தைத் திருப்பிப் பாருங்கள். மண் முக்கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம், மணல் கலந்ததாக இருக்கட்டும். வேர் வெள்ளையாக இருக்க வேண்டும். பழுப்பாகி நாறினால் வெட்டி நாளாகிவிட்டது. அடுக்கின் நடுவே கையை விடுங்கள். சூடு தெரிந்தால் உள்ளே வெந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வெட்டி ஒரு நாளுக்குள் தரையில் பதிந்தாக வேண்டும். லாரி அதிகாலையில் வந்து சேருகிற மாதிரி பேசுங்கள்.

கோரைக் கிழங்கையும் தேடுங்கள். பாளத்தை உடைத்தால் கறுப்பாகச் சுண்டைக்காய் மாதிரி உருளும். ஒரே ஒரு கிழங்கு உங்கள் தரைக்கு வந்தால் போதும், பேரன் காலம் வரை பிடுங்கிக்கொண்டே இருக்கலாம். அளவை விட நூற்றுக்கு ஐந்து கூடுதலாக வாங்குங்கள், ஓரங்களில் வெட்டுச் சேதம் போகும்.

கீழக்கரை: எந்த மாதம் பதிக்கலாம்? எப்படிப் பதிப்பது?

ஆடியில் மட்டும் வேண்டாம். அம்மியே பறக்கும் என்கிற காற்றில், நேற்று வேர் விடத் தொடங்கிய புல் என்ன ஆகும்? நம் பக்கம் அந்தக் காற்று மணலையும் வாரிக்கொண்டு வரும். ஐப்பசியில் முதல் இரண்டு மழை பெய்து முடித்ததும் பதிப்பதுதான் என் வழக்கம். மழைத்தண்ணீர் மேல்மண்ணில் உள்ள உப்பைக் கீழே தள்ளிவிட்டிருக்கும். புல்லுக்கு அதைவிட நல்ல வரவேற்பு கிடையாது. பள்ளமான மனையாக இருந்தால் மழைக்காலம் முடியட்டும், தை மாதம் பாருங்கள்.

பதிக்கும் முறை சுலபம். தரையைச் சமன் செய்து, வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கம் லேசான சரிவு கொடுங்கள். முதல் நாள் நனைத்து வையுங்கள். பாளங்களைச் செங்கல் கட்டுகிற மாதிரி இணைப்பு மாறி மாறி வர நெருக்கி அடுக்கி, உருளையோ பலகையோ வைத்து அழுத்துங்கள். இடைவெளியில் மணலும் எருவும் கலந்து தூவுங்கள். முதல் பத்து நாள் காலை, மதியம், மாலை தண்ணீர். மூன்றாவது வாரம் மூலையைப் பிடித்து இழுங்கள். வர மறுத்தால் வேர் பிடித்துவிட்டது, முதல் வெட்டு வெட்டலாம். அதற்கப்புறம் தினம் கொஞ்சம் என்பதை நிறுத்திவிட்டு, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஆழமாக விடுங்கள். உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மேலேயே தங்கிவிடும்.

ஏர்வாடி: புல் பதித்து நான்கு மாதம் ஆகிறது தம்பி. தண்ணீர் விடுகிறேன், யூரியா போட்டேன். இருந்தும் மஞ்சளாகவே இருக்கிறது.

அக்கா, எந்த இலை மஞ்சள் என்று குனிந்து பாருங்கள். கீழே உள்ள முதிர்ந்த இலை முதலில் மஞ்சளானால் தழைச்சத்துக் குறைவு. நுனியில் வரும் புது இலை வெளிறி, நரம்பு மட்டும் பச்சைக் கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்துக் குறைவு. பெரும்பாலும் உங்களுக்கு இரண்டாவதாகத்தான் இருக்கும். மண்ணில் இரும்பு இல்லாமல் இல்லை. சுண்ணாம்பு அதைப் பூட்டி வைத்திருக்கிறது. யூரியா போடப் போட புல் வேகமாக வளரும், இரும்பு இன்னும் பற்றாமல் போகும், மஞ்சள் கூடும்.

நாட்டு மருந்துக் கடையிலும் உரக்கடையிலும் அன்னபேதி (ஃபெரஸ் சல்பேட் என்கிற இரும்பு உப்பு) கிடைக்கும். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் அன்னபேதி, ஒரு கிராம் சிட்ரிக் அமிலம். அமிலம் இல்லையென்றால் அரை எலுமிச்சம்பழம் பிழியுங்கள். நல்ல தண்ணீரில் கரைத்து, கரைத்த உடனே, சாயங்காலமாக இலை மேல் தெளியுங்கள். பத்து நாள் இடைவெளியில் மூன்று முறை. தரையில் கொட்டினால் பலனில்லை, சுண்ணாம்பு அதையும் பூட்டிவிடும். டைல்ஸ், சிமெண்ட் நடைபாதை மேல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். துருக்கறை விழுந்தால் போகாது. ஒரு வீட்டில் வெள்ளைத் திண்ணை முழுக்கப் புள்ளி வைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

கடையில் இரும்புக் கீலேட் (மண் பூட்டிவிடாதபடி கட்டிவைத்த இரும்பு) கொடுத்தால் பாக்கெட்டைப் படியுங்கள். மண்ணில் இடுவதானால் ஈடிடிஏ (EDTA) என்று போட்டது நம் மண்ணில் சீக்கிரம் செயலிழக்கும், ஈடிடிஹெச்ஏ (EDDHA) என்று போட்டதுதான் நிற்கும். விலை அதிகம். யூரியாவுக்குப் பதில் அமோனியம் சல்பேட், ஆயிரம் சதுர அடிக்கு 2 கிலோ, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. போட்ட கையோடு தண்ணீர் பாய்ச்ச வேண்டும். சுண்ணாம்பு மண்ணின் மேல் சும்மா கிடந்தால் பாதி அமோனியாவாகக் காற்றில் போய்விடும்.

பருத்தித்துறை: அண்ணை, எங்கட வளவிலை ஒரு சாண் தோண்டினாலே கல்லுத்தான். கிணத்துத் தண்ணி தெளிச்சா இலையிலை வெள்ளைப் புள்ளி விழுகுது. புல் சரிவருமோ?

யாழ்ப்பாணம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் மேல்தானே உட்கார்ந்திருக்கிறது. ஒரு சாண் மண் இருந்தால் பெர்முடா வரும். அதைவிடக் குறைந்த இடத்தில் கல் மேல் மண் போட்டு மேடாக்கிக்கொள்ளுங்கள். வெள்ளைப் புள்ளி தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு காய்ந்து படிவது, அழகைத்தான் கெடுக்கும். தெளிப்பதை விட்டுத் தரையோடு பாய்ச்சுங்கள்.

உரத்தில்தான் கை இறுக்கம் வேண்டும். அந்தக் கல்லின் வெடிப்பு வழியாகப் போடுவதெல்லாம் நேரே நிலத்தடி நீருக்கு இறங்கும். அங்கே கிணறுகளில் நைட்ரேட் ஏறியிருப்பது ஊரறிந்த பிரச்சினை. புல் பச்சையாக இருக்க வேண்டும் என்று குடிக்கிற கிணற்றில் உரத்தைக் கலக்க வேண்டாம். எருவும் அன்னபேதித் தெளிப்பும் போதும்.

சாயல்குடி: குடிக்கவே லாரித் தண்ணீர். புல் இல்லாமல் பச்சையாக ஏதாவது?

பொடுதலை. பொடுகுக்கு எண்ணெய் காய்ச்சுவோமே, அதேதான். கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையோடு படரும், உப்பைத் தாங்கும், வெட்ட வேண்டியதில்லை. பூக்கும்போது தேனீ மொய்க்கும், சின்னப் பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுகிற இடத்தில் வேண்டாம்.

தூத்துக்குடி: எங்கள் வீட்டு பெர்முடாவை விநாயகர் சதுர்த்திக்கு அறுத்துப் படைக்கலாமா? அம்மா கேட்கச் சொன்னார்கள்.

படைக்கலாம், பிள்ளையார் ஒன்றும் சொல்ல மாட்டார். அம்மா சாறு எடுத்துக் குடிப்பார்கள் என்றால் மட்டும் வேண்டாம். பூச்சிமருந்தும் உரமும் விழுந்த தரை அது. ஒரு தொட்டியில் நாட்டு அருகம்புல்லைத் தனியாக வைத்துக்கொடுங்கள்.