காலேஜ் பேரைச் சொல்லக் கூச்சமா இருக்கு

சார் வணக்கம்,

சின்ன ஊர் காலேஜ் ஒண்ணுல மெக்கானிக்கல் ரெண்டாவது வருஷம் படிக்கிறேன். கிளாஸ்ல முப்பது பேர்கூட கிடையாது, பாதி நாள் ஒர்க்‌ஷாப்லயே போயிடுது. எதைப் பேசினாலும் வேலை வேலைன்னுதான் பேச்சு. சினிமா, அரசியல்னு பேச ஆளே இல்ல. கூடப் படிச்சவங்க எல்லாம் சிட்டில பெரிய காலேஜ்ல இருக்காங்க, நீ எங்க படிக்கிறேன்னு யாராவது கேட்டா பேரைச் சொல்லவே கூச்சமா இருக்கு. இது காலேஜா, ஆள் தயார் பண்ற பட்டறையா சார்?

ரெண்டாம் வருஷ மாணவன்

தம்பி,

பட்டறையாவே இருக்கட்டுமே, என்ன இப்போ? கொஞ்ச நாள் கிளாஸ், கொஞ்ச நாள் ஃபேக்டரின்னு மாத்தி மாத்தி படிக்க வைக்கிற முறையை 1906லயே அமெரிக்காவுல சின்சினாட்டி யுனிவர்சிட்டில ஆரம்பிச்சுட்டாங்க, கனடாவோட வாட்டர்லூ யுனிவர்சிட்டி 1957ல தொடங்கினதே இந்த முறையை நம்பித்தான். அங்க படிச்சவன் எவனும் பேரைச் சொல்லக் கூச்சப்படறதில்ல.

லீவுல வர்ற உங்க சிட்டி ஃப்ரெண்டு கையில, நுணுக்கமா கனம் அளக்கற ஒரு மைக்ரோமீட்டரைக் குடுத்துப் பாருங்க. சும்மா மூடி ஸைபர்ல நிக்குதான்னு முதல்ல பாக்கணும், அப்புறம் திம்பிளை, அதாவது சுத்தற குழாயைப் புடிச்சு இறுக்காம பின்னாடி இருக்கற ராட்செட்ங்கற சின்னத் திருகைத் திருப்பி டிக் டிக்னு சத்தம் வந்ததும் நிறுத்தணும், 0.01 மில்லிமீட்டர் அளக்கற சாமான்ல கை அழுத்தமே அளவை மாத்திடும், இதெல்லாம் பரீட்சைல அவனும் சூப்பரா எழுதுவான். கையில வருமாங்கறதுதான் கேள்வி. ஒரு மெஷினைச் சுத்தி பத்து பேர் நின்னா ஒருத்தன் அளப்பான், மத்த ஒன்பது பேரும் ரீடிங்கைப் பாத்து ரெக்கார்டு நோட்ல எழுதிட்டுப் போவாங்க. எல்லா பெரிய காலேஜும் அப்படின்னு சொல்ல வரல, ஆனா முப்பது பேருக்குக் கம்மியா இருக்கற கிளாஸ்ல ஒளியவே முடியாது, தப்பாப் புடிச்சா வாத்தியார் அங்கயே பாத்துடுவார்.

நிஜமாவே உங்களுக்குக் குறையறது வேற ஒண்ணு. தெரியாத மனுஷங்க. சின்ன காலேஜ்ல எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க, உங்களுக்குத் தெரிஞ்ச கம்பெனிதான் பக்கத்து பெஞ்சுக்காரனுக்கும் தெரியும், புதுசா ஒரு தகவல் எங்கேர்ந்து வரும்? மார்க் கிரானோவெட்டர்னு ஒரு சமூகவியல்காரர் 1973ல ஒரு கட்டுரை எழுதினார், தெரிஞ்சவங்க மூலமா வேலை மாறினவங்ககிட்ட, அந்த ஆளை அப்போ எவ்வளவு அடிக்கடி பாத்துட்டிருந்தீங்கன்னு கேட்டிருக்கார். அடிக்கடி பாக்கறவர்னு சொன்னது 16.7 சதவீதம்தான், எப்பவாவது பாக்கறவர்னு 55.6, ரொம்ப அபூர்வமா பாக்கறவர்னு 27.8. அதாவது நெருங்கின ஃப்ரெண்டைவிட எப்பவோ பாத்த ஆள்தான் வேலை விஷயத்துல உதவியிருக்கார். சிட்டி காலேஜ்ல அந்த மாதிரி ஆளுங்க கேன்டீன்லயே தட்டுப்படுவாங்க, நீங்க தேடிப் போகணும், அவ்ளோதான் வித்தியாசம் (சினிமா பேசவும் நாலு பேர் அப்படித்தான் கிடைப்பாங்க).

உங்களுக்கு மூணு நாலு பேட்ச் முன்னாடி படிச்சுட்டுப் போனவங்க லிஸ்ட்டை டிபார்ட்மென்ட்ல கேட்டு வாங்குங்க. வேலை வாங்கிக் குடுங்கன்னு மட்டும் மெசேஜ் போடாதீங்க, ஓடிடுவாங்க. முதல் ஆறு மாசம் என்ன வேலை குடுத்தாங்க, எது தெரியாம முழிச்சீங்கன்னு கேளுங்க, அதுக்கு எவனும் பதில் சொல்லாம இருக்க மாட்டான். காலேஜ் போர்டுல போட்டிருக்கற பிளேஸ்மென்ட் சதவீதம் மொத்த கிளாஸுக்கா, இல்ல தகுதியானவங்கன்னு வடிகட்டின லிஸ்ட்டுக்கு மட்டுமாங்கறதையும் அவங்ககிட்டயே கேட்டுக்கோங்க, ஆபீஸ்ல கேட்டா சொல்ல மாட்டாங்க.