பென்னாகரம் பக்கம் வாழ்ந்த கொள்ளுப்பாட்டனாரைப் பற்றி ஆவணங்களில் தேடுவது எப்படி?

உழவராக வாழ்ந்து மறைந்தவரைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அத்தகையோரின் வாழ்க்கை பெரும்பாலும் நிலப் பதிவுகளில்தான் தங்கியிருக்கிறது. பென்னாகரம் அமைந்துள்ள தருமபுரி 1965-இல்தான் சேலத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது என்பதால், அதற்கு முந்தைய ஆவணங்களைச் சேலம் மாவட்டத்தின் பெயரில் தேட வேண்டும்.

முதலில் வீட்டிலுள்ள பழைய பட்டா, வரி ரசீது ஆகியவற்றிலிருந்து சர்வே எண்ணைக் குறித்துக்கொண்டு, சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்றுக்கும் (அந்த நிலத்தின் மீது பதிவான விற்பனை, அடமானம் போன்றவற்றின் பட்டியல்) பத்திர நகலுக்கும் விண்ணப்பியுங்கள். நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த 1980-களின் நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் எண்கள் மாறியிருக்கக்கூடும் என்பதால், பழைய எண்ணையும் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டறிவது அவசியம்.

அடமானப் பத்திரம் கிடைத்தால் அதை வரிவரியாகப் படியுங்கள்: தகப்பனார் பெயர், குடியிருந்த ஊர், நான்கெல்லை நிலத்தார், சாட்சிகள், சில வேளைகளில் கடன் வாங்கிய காரணம்கூட அதில் இருக்கும். என் கருத்தில், பிறப்பு இறப்புப் பதிவேட்டைவிட இதுவே அவரை நமக்கு நெருக்கமாகக் காட்டுகிறது.